ஞாயிற்றுக்கிழமைக் கூடைகள்

ஓட்டப் பயிற்சியில் விழுந்து முழங்கால் சிராய்த்த அஞ்சலையைத் தூக்கிக்கொண்டு, "இந்தக் கெரவுண்டுல இனி எம்புள்ள ஓடமாட்டா!" என்று தாய் காளியாயி கத்திவிட்டுப் போய் ஒரு வாரமாகிறது.

இன்று ஞாயிறு, பந்தய நாள். தேயிலைத் தோட்டத்துப் பாடசாலை மைதானத்தில், லயத்து வரிசை வீடுகளின் பெண்கள் முதுகில் கூடையோடு திரண்டு நிற்பதைப் பார்த்ததும் கணேசமூர்த்தி வாத்தியார் விசிலும் கையுமாக ஓடி வந்தார்.

"சண்டை வேணாம் காளியாயி. பொம்பளப் புள்ளைங்க ஓட்டத்தையே நிறுத்திடுறேன்."

"நிறுத்துவீங்களா? நல்லா இருக்குங்க சார் ஒங்க நியாயம்!"

காளியாயி கூடையைக் கவிழ்த்தாள். கொட்டியது அத்தனையும் கல்.

"வேலை இல்லாத நாளுன்னு, விடியக்காலையிலேயே வந்து, எம்புள்ள தடுக்கி விழுந்த கெரவுண்டுக் கல்லையெல்லாம் கொழுந்து கிள்ளுற மாதிரி ஒண்ணு விடாம பொறுக்கிட்டோம். விசில ஊதுங்க சார்!"

ஊதினார். வெறுங்காலோடு பறந்த அஞ்சலை முதலாவதாகக் கயிற்றைத் தொட்டாள். பெண்கள் போட்ட குலவை தோட்டத்துரை பங்களா வரைக்கும் கேட்டது.