மூன்றாம் அத்தியாயத்து முதலாளி

பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை தோள்பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துப் பாயில் வைத்தான். அட்டையில் பெண்ணின் அப்பா சங்கரபாண்டியன் இருந்தார்.

சட்டையில்லாமல், முகமெல்லாம் கரி அப்பி, லாரி மேல் நின்று வானத்தைப் பார்த்தபடி. மழை வந்தால் மூட்டை நனைந்துவிடுமே என்று பார்த்த பார்வை. அட்டையில் அது நாதியற்றவன் பார்வையாக வந்திருந்தது.

புத்தகத்தின் பெயர் 'அனைவருக்கும் உலகமயமாதல்'. மாப்பிள்ளை மதன்குமார் மதுரைக் கல்லூரியில் சமூகவியல் வாத்தியார். பிள்ளைகளுக்கு நடத்துகிற பாடமே இதுதானாம்.

அருப்புக்கோட்டைக் கடையில் இருந்த நாலு பிரதியையும் சங்கரபாண்டியனே வாங்கிக் கரிமூட்டத்தில் போட்டுக் கொளுத்தியிருந்தார். மதுரையில் ஐந்தாவது இருக்கும் என்று தோன்றவில்லை.

திருச்சுழிப் பக்கத்து வேலிக்கருவை மரத்தை வெட்டி, மண்ணால் மூடி மூட்டம் போட்டுக் கரியாக்கி, தூத்துக்குடி வழியாகத் துபாய்க்குக் கப்பலேற்றுகிறவர் அவர். அங்கே ஷேக்குகள் ஆட்டுத்தொடையை வாட்டித் தின்பது இவர் கரியில்தான். உலகமயத்தை அவருக்கு யாரும் அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. இரண்டு பேரும் இருபது வருஷப் பழக்கம்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பேராசிரியர் நோட்டும் கையுமாக வந்து, தொழில் எப்படிப் போகிறது என்று கேட்டுத் தொலைத்தார்.

கேள்வியா அது? வியாபாரி வீட்டில் பிறந்தவனிடம் அதை எவன் கேட்டாலும், வரிக்காரனோ கோயில் வசூலோ சொந்த மச்சினனோ, ஒரே பதில்தான். மூளைக்குத் தெரியாமல் நாக்கே சொல்லிவிடும்.

"எங்கங்கய்யா... எல்லாம் போச்சு. ஏதோ வாய்க்கும் வயித்துக்கும் இழுத்துக்கிட்டுக் கெடக்கு."

பேராசிரியர் கண்கலங்கிவிட்டார். அதைப் பார்த்ததும் இவருக்குச் சுதி ஏறிவிட்டது. ஒரு மணி நேரம் புலம்பித் தீர்த்தார்.

அதுதான் மூன்றாம் அத்தியாயம்: 'உலகச் சந்தை மென்று துப்பிய மனிதர்'. பதினெட்டுப் பக்கம். கடைசிப் பக்கத்தில் அவர் ஒரு டம்ளர் கஞ்சியோடு படுக்கப் போகிறார். அது உண்மைதான். சர்க்கரை ஏறிக் கிடந்ததால் ராத்திரிச் சோறு கூடாதென்று டாக்டர் சொல்லியிருந்தார்.

உள்ளே மகள் ஜெகதீஸ்வரி பட்டுச்சேலையில் நின்றாள். ஏழு வரனைத் தட்டிக் கழித்தவள், பிடித்திருக்கிறது என்று வாயைத் திறந்து சொன்னது இவனை மட்டும்தான்.

சம்பந்தம் முடிவானால்தான் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைப்பார்கள். அடுப்படியில் பதினைந்து பேருக்குச் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. வேலைக்கு வந்திருந்த ஒச்சம்மாள் கொண்டுவந்து வைத்த தண்ணீர்ச் செம்பைக்கூட யாரும் தொடவில்லை.

பையனின் அப்பா அருஞ்சுனை, பாளையம்பட்டியில் விசைத்தறி வைத்திருப்பவர், மூன்றாம் அத்தியாயத்தைப் பிரித்து எச்சில் தொட்டு எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டினார்.

சங்கரபாண்டியன் வாழ்க்கையில் முதல்தடவையாகத் தொழிலைப் பற்றி உண்மை பேசத் துணிந்தார்.

"அண்ணாச்சி, அதுல உள்ளதெல்லாம் சும்மா... தொழிலு நல்லாத்தான் போகுது. மூணு லாரி ஓடுது. மதுரையில ஒரு வீடு..."

பழக்கமில்லாத வேலை. நாக்கு குழறியது. அவர் காதுக்கே பச்சைப் பொய்யாகக் கேட்டது.

அருஞ்சுனை நிமிர்ந்தார். "பதினெட்டுப் பக்கம் மூச்சு விடாம ஒப்பாரி வச்சிருக்கீகளே அண்ணாச்சி! இம்புட்டு அழுகணும்னா வீட்டுல எம்புட்டு இருக்கணும்? இதப் படிச்சிட்டுத்தான் தரகர்ட்ட நானே ஒங்க வீட்டக் கேட்டேன்."

சொல்லிவிட்டு ஐந்தாம் அத்தியாயத்தைத் திருப்பி நீட்டினார். 'ஊமையான தறிகள்'. படத்தில், பூட்டிய தறிக்கூடத்து வாசலில் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார் அருஞ்சுனை.

"அந்தாளு வந்த அன்னைக்கு அமாவாசை, தறிக்கு லீவு. நான் என்னத்தச் செய்ய?"

இரண்டு பேரும் தொப்பை குலுங்கச் சிரித்தார்கள். மதன்குமார் சிரிக்கவில்லை. ஐந்தாம் அத்தியாயத்தை மேற்கோள் காட்டித்தான் அவன் டாக்டர் பட்டம் வாங்கியிருந்தான்.

"எலையப் போடச் சொல்லுங்க சம்பந்தி" என்றார் அருஞ்சுனை.

ஒச்சம்மாள் இலைக்கட்டோடு வந்தாள். மூட்டம் பிரித்துக் கரி அள்ளுகிறவள். விசேஷம் என்றால் வீட்டு வேலைக்கும் கூப்பிட்டுக்கொள்வார்கள். முகத்தைத் திருப்பி முந்தானைக்குள் இருமிவிட்டு, ஓரத்திலிருந்து இலை போட ஆரம்பித்தாள். வலது கையில் மூன்று விரல்களுக்கு நகம் இல்லை.

"அப்ப, நம்ம தாலுகாவுல ஒருத்தன்கூடவா தேறல?" என்று சங்கரபாண்டியன் சிரிப்பு அடங்காமல் கடைசிப் பக்கத்துப் பட்டியலுக்குப் போனார்.

உலகமயத்தால் பாதிக்கப்பட்டோர் முப்பத்தொன்பது பேர். மிளகாய் மண்டிக்காரர், பஞ்சு வியாபாரி, ஜின்னிங் முதலாளி. எல்லாம் தெரிந்த முகங்கள். பாதிப் பேருக்குக் கல்யாணப் பத்திரிகை வைக்க வேண்டும்.

பயனடைந்தோர் ஒருவர். ஒச்சம்மாள், கரிமூட்டக் கூலி.

அன்றைக்குப் பேராசிரியர் அவளிடமும் அதே கேள்வியைத்தான் கேட்டார். சங்கரபாண்டியன் பக்கத்திலேயே நின்றிருந்தார். அவள் முதலில் அவர் முகத்தைப் பார்த்தாள். அப்புறம், எங்களுக்கு என்னங்கய்யா குறை, நல்லாத்தானே இருக்கோம் என்றாள்.

"அந்தப் பொஸ்தகத்தக் கொஞ்சம் எடுங்க மொதலாளி" என்றாள் ஒச்சம்மாள், குனிந்தபடி. "எலை போடணும்."