விட்ட கரடி

“பயந்துக்காதே. நான் இருக்கேன்ல?” என்றார் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு. வாடகைக்கு எடுத்த ஜீப்பின் பின்சக்கரங்கள் காய்ந்த ஆற்றின் மணலுக்குள் பாதி இறங்கியிருந்தன.

“எனக்கென்னங்க பயம்? இதெல்லாம் உங்களுக்குத் தண்ணி பட்ட பாடாச்சே!” என்றாள் பக்கத்தில் இருந்த மனைவி. அந்த நம்பிக்கைதான் அவரை இன்னும் பயமுறுத்தியது.

கல்யாணமான புதிதில் அவர் ஒரு கரடி விட்டிருந்தார். இளவட்டமாக இருந்தபோது தனியாக ஜீப்பில் காடு காடாகத் திரிந்ததாகவும், ஒருமுறை எதிரே வந்த நிஜக் கரடியே ஒதுங்கி வழிவிட்டதாகவும் கதை. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவருடையது பதினெட்டு வருடம் தாக்குப்பிடித்துவிட்டது. பிள்ளைகளிடமும் தன் அண்ணன் தம்பிகளிடமும் மனைவி அதைப் பெருமையாக எடுத்துவிடும்போதெல்லாம் இவர் மீசையைத் தடவிக்கொள்வார்.

“ஒரு தடவை என்னையும் காட்டுக்குக் கூட்டிட்டுப் போங்களேன்” என்று அவள் கேட்டபோதுதான் ஆசாமிக்கு வியர்த்தது. உண்மையில் அவர் வீட்டுக்கு வெளியே படுத்தது ஒரே ஒருமுறை. அதுவும் சாவியைத் தொலைத்துவிட்டு மொட்டை மாடியில்.

வேறு வழியில்லாமல், கடையில் சரக்கு சரிபார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு, சனிக்கிழமைதோறும் ஊருக்கு வெளியே இருந்த ஒரு பயிற்சி முகாமுக்கு ரகசியமாகப் போய்வந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவி தன் அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிடுவது இன்னும் வசதி. ஜன்னல் திரையின் கயிற்றில் கூடார முடிச்சுப் போட்டுப் பழகிக்கொண்டார்.

பயிற்சியாளர் தங்கமான மனுஷர். “வெளியில பார்த்தா உங்களைத் தெரியாத மாதிரியே இருந்துடுவேன் சார். என்கிட்ட வர்றவங்கள்ல பாதிப் பேர் வீட்டுக்குத் தெரியாமத்தான் வர்றாங்க” என்று வாக்கே கொடுத்திருந்தார்.

படித்ததெல்லாம் இப்போது பார்த்து மறந்து தொலைத்தது. பதற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதித்தார். சக்கரம் இன்னும் ஒரு சாண் உள்ளே போனது.

“ஏங்க, தெரியாமத்தான் கேக்குறேன். டயரு இவ்வளவு விறைப்பா இருக்கே, மணல்ல புதையாதா?”

காற்று! சுளீரென்று ஞாபகம் வந்தது. “அதைத்தான் சொல்ல வந்தேன். காத்தைக் கொஞ்சம் இறக்கணும். டயரு அகலமாப் படிஞ்சாத்தான் மணல் தாங்கும்” என்று கீழே குதித்தார்.

நான்கு டயரிலும் காற்றைக் குறைத்தார். சக்கரத்துக்கு முன்னால் இருந்த மணலை அள்ளி அப்பால் போட்டுவிட்டு, அடியில் ஒரு பலகையைச் செருகி, வண்டியை மெல்ல நகர்த்தினார். ஜீப் முனகிக்கொண்டே கரையேறியது.

“அனுபவம்னா அனுபவம்தான்!” என்று மனைவி கைதட்டினாள். கடைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. அதே வேகத்தில் ஒரு பெரிய மரத்தடியில் கூடாரத்தைக் கொண்டுபோய் விரித்தார்.

“ஏங்க, நான் ஒரு மண்டு, எனக்கென்ன தெரியும்? அந்தக் கிளை பட்டுப்போயிருக்கே, தலையில விழுந்துடாது?”

அண்ணாந்து பார்த்தவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. “நீ கவனிக்கிறியான்னு சோதிச்சுப் பார்த்தேன்” என்று சொல்லிவிட்டு, கூடாரத்தை வெட்டவெளிக்கு இழுத்துப் போனார்.

கூடாரம் நின்றது. அடுப்பில் டீ கொதித்தது. மடக்கு நாற்காலியில் சாய்ந்தபோது, தான் விட்ட கரடியைத் தானே நம்பிவிடலாம் போல அவருக்குச் சந்தோஷமாக இருந்தது.

மனைவி பையிலிருந்து உப்பு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துப் பிரித்தாள். “நம்ம வீட்டுல இதை யாரும் தொடக்கூட மாட்டோமே, எதுக்கு வாங்கினே?” என்றார்.

“இருக்கட்டுங்க. காட்டுல எது எதுக்கு உதவும்னு யாருக்குத் தெரியும்?”

அப்போதுதான் இன்னொரு ஜீப்பின் சத்தம் கேட்டது. அடுத்த பயிற்சிக்குப் பாதை பார்க்க வந்திருந்தார் பயிற்சியாளர். வராமல் என்ன செய்வார்? கடைக்காரருக்குத் தெரிந்த ஒரே காடு அவர் காட்டிய காடுதானே!

பயிற்சியாளர் வாக்குத் தவறவில்லை. இருவரையும் முன்பின் பார்த்திராதவர்போல், “வணக்கங்க. வண்டியெல்லாம் சரியா இருக்கா?” என்று கேட்டார். கடைக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஆனால் அடுத்த நொடியே அது மறுபடி போனது. ஜீப்பின் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தது மொட்டைவால். முகாமின் நாய். சனிக்கிழமை தவறாமல் இவரே ரொட்டி போட்டுப் பழக்கிவைத்த நாய். வாக்குக் கொடுத்தது பயிற்சியாளர்தானே, நாய் இல்லையே!

மொட்டைவால் குதித்து, நாலுகால் பாய்ச்சலில் வந்தது. பதினெட்டு வருட மானம் கப்பலேறப் போகிறது என்று கடைக்காரர் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

ஒன்றும் நடக்கவில்லை. மெல்லக் கண்ணைத் திறந்தார். நாய் அவரைத் தாண்டிப் போய், மனைவியின் மடியில் முன்னங்கால்கள் இரண்டையும் ஊன்றிக்கொண்டு, உப்பு பிஸ்கட்டை உரிமையோடு நொறுக்கிக்கொண்டிருந்தது. தின்று முடித்ததும் அவர் முன்னால் வந்து உட்கார்ந்து, வழக்கம்போலக் கைகுலுக்க முன்னங்காலை நீட்டியது. பயிற்சியாளர் அவசரமாக வானத்தைப் பார்த்தார்.

“இந்த நாய்... உன்கிட்ட எப்படி...?” என்று இழுத்தார் கடைக்காரர்.

மனைவி கையில் ஒட்டியிருந்த பிஸ்கட் தூளைத் தட்டிவிட்டுச் சிரித்தாள்.

“உங்களுக்குச் சனிக்கிழமை, எனக்கு ஞாயித்துக்கிழமைங்க!”