சொட்டாத கார்

கார்கள் புதிதாக வந்த காலம். ஓஹியோவின் மேட்டுச் சாலையில், அடுத்த மாநிலத்து மாடுகளும் மிரளும்படி அலோன்சோவின் கார் உறுமுகிறது. சக்கரம் மட்டும் அசையவில்லை. இதுவரை அது சிந்திய எண்ணெயில் தோணி விடலாம். நேற்றுதான் எண்ணெய் சொட்டும் அடித்துளையை அரக்கு பூசிய தக்கையால் அடைத்துவிட்டு, பேராற்றுக்கு அணை கட்டியவன்போல் மார்தட்டினான். வெளியேற வழியில்லாத எண்ணெய், இன்ஜினின் சுழற்சியைப் பற்றிச் சக்கரத்துக்குக் கொடுக்கும் கிளட்ச்சின் தோல்பட்டையை ஊறவைத்துவிட்டது, அது பிடிக்காமல் வழுக்குகிறது. பக்கத்தில், மடியில் பெட்டியோடு மனைவி ஹெஸ்டர். அம்மா வீட்டுக்கு ஒரேயடியாகப் போகிறாள். ஸ்டேஷன் போய்ச் சேருவதற்குள் பேசி மனதை மாற்றிவிடலாம் என்பது அவன் கணக்கு. “பாத்தியா, ஒரு சொட்டுகூட ஒழுகல!” “ஆமா, நகரவும் இல்ல.” “அஞ்சே நிமிஷம், ஹெஸ்டர். தக்கையைப் பிடுங்கிட்டாப் போதும்.” “கல்யாணம் ஆனதுலேருந்து உன் காலை மட்டும்தான் பாக்கறேன், அலோன்சோ. மிச்சமெல்லாம் வண்டிக்கு அடியில.” அதற்குள் அவன் அடியில் புகுந்துவிட்டான். சக்கரக் கம்பிகளினூடே வெயில் கோடு கோடாக விழுகிறது. தக்கை கழன்றதும் கறுத்த எண்ணெய் குடம் குடமாக முகத்தில் கொட்டுகிறது. சாலையில் ஒரு குதிரை வண்டி வந்து நிற்கிறது. ஹெஸ்டரின் காலணிகள் அதில் ஏறுகின்றன. “சரியாயிடுச்சு!” என்று கத்துகிறான், வாயெல்லாம் எண்ணெயாக. குளம்புச் சத்தம் மேட்டைத் தாண்டிக்கொண்டிருக்கிறது.