ஓநாய்க் கொடி

போட்டுக்காரன் ரோச் மளிகைக் கடைப் பக்கம் வருவதைப் பார்த்ததும் காசிலிங்கம் வெங்காய மூட்டைக்குப் பின்னால் குனிந்துகொண்டு எதையோ தேடுவதுபோலப் பாவனை செய்தார்.

திங்கட்கிழமை விடிந்தால் போதும், சங்கு குளிக்கப் போகிற வழியில் இவன் வந்து நின்றுவிடுவான். பீடி வாங்குவான், பன் வாங்குவான். அப்புறம் மறக்காமல் அந்தக் கேள்வியைக் கேட்பான்.

“அண்ணாச்சி, நேத்து ஆட்டம் என்னாச்சு?”

எல்லாம் காசிலிங்கம் தானே இழுத்துவிட்டுக்கொண்ட வினை. மகன் முத்துக்குமரனுக்கு அமெரிக்காவில் ஒரு ஃபுட்பால் டீமில் பிசியோதெரபிஸ்ட் வேலை கிடைத்ததும் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. மகன் அனுப்பிவைத்த டீம் கொடியைக் கடை வாசலில் தொங்கவிட்டார். அதில் ஓர் ஓநாய் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. திரேஸ்புரத்தில் உப்பு வாங்க வந்தவர்களுக்கெல்லாம் பாடம் நடத்தினார். பேருதான் ஃபுட்பால், பந்தைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஓடுவார்கள், குறுக்கே வருகிறவனை முட்டித் தள்ளுவார்கள் என்று ஒரே அளப்பு.

சீசன் ஆரம்பித்தது. முதல் வாரம் ஓநாய் தோற்றது. அடுத்த வாரமும் தோற்றது. அப்புறம் தோற்பதையே தொழிலாக வைத்துக்கொண்டது.

ஊர் சும்மா இருக்குமா? ஆட்டோ ஓட்டும் செந்தூர்வேல், ஓநாய் இந்த வாரமும் வாலைச் சுருட்டிவிட்டதா என்று தெருவுக்கே கேட்கும்படி விசாரித்தான். காசிலிங்கத்துக்கு மானம் போனது. கொடியைக் கழற்றி வெங்காய மூட்டையின் மேல் போர்த்திவிட்டார். மகன் போனில் பேசினால், கொஞ்சம் மெதுவாகப் பேசு என்று அவனிடமே சொன்னார்.

மற்றவர்களாவது சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். ரோச் சிரிக்கவும் மாட்டான். எவ்வளவு புள்ளியில் தோற்றார்கள், யாருக்கும் அடிபட்டதா என்று துருவித் துருவிக் கேட்பான். கடைசியாக, அடுத்த வாரமும் ஆடுவார்களா என்பான். அந்தக் கேள்விதான் காசிலிங்கத்துக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இன்றைக்கும் விடவில்லை. மூட்டையைச் சுற்றி வந்தே பிடித்துவிட்டான். கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். செந்தூர்வேல் வேறு காதைத் தீட்டிக்கொண்டிருந்தான்.

“நேத்து என்னாச்சு அண்ணாச்சி?”

“ஜெயிச்சிட்டு” என்றார் காசிலிங்கம். “சும்மா இல்ல. அடிச்சு நொறுக்கிட்டானுவ.”

வாய் கூசாமல் சொன்னார். இதுவரை தோற்றதிலேயே படுமோசமான தோல்வி என்று மகன் விடியும்போது அனுப்பிய செய்தி சட்டைப் பையில் போனுக்குள் கிடந்தது.

ரோச்சின் முகம் வாடிவிட்டது.

“நல்லது அண்ணாச்சி. தம்பிகிட்ட நான் சந்தோஷப்பட்டேன்னு சொல்லுங்க.”

பீடிகூட வாங்காமல் போய்விட்டான். அடுத்தவன் ஜெயித்தால் எப்படி வயிறு எரிகிறது பார் என்று காசிலிங்கம் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்று காலை இட்லி ருசித்தது.

வெயில் ஏறும் நேரத்தில் டிக்சன் வந்தான். ரோச்சின் போட்டில் சங்கு குளிக்கிறவன். இந்நேரம் கடலில் இருக்க வேண்டியவன், துறைமுகத்தில் லோடு ஏற்றுகிற வேலை ஏதும் கிடைக்குமா என்று கேட்டான்.

“ஏலே, போட்டு போவலையா?”

“இனி போவாது அண்ணாச்சி.”

இந்த சீசன் முழுக்கக் கடலில் சங்கே தட்டுப்படவில்லையாம். முங்கி முங்கி வெறும் பையோடுதான் எழுந்தார்களாம். ராசி கெட்ட போட்டு என்று கரையில் பேர் விழுந்துவிட்டதாம்.

“ஒவ்வொரு திங்களும் இனி ஏறமாட்டோம்னு நிப்போம். ரோச்சண்ணன்தான் சொல்லுவாவ, அண்ணாச்சி மவன் டீமும் தோத்துட்டு, அவனுவ என்ன வீட்டுலயா படுத்துட்டானுவ, அடுத்த வாரம் திரும்ப ஆடப் போறானுவ, ஏறுங்கலேன்னு. நாங்களும் ஏறிருவோம். இன்னைக்கு அவுகளே வந்து ஜெயிச்சிட்டுன்னாவ. எங்களுக்குக் கை கால் விட்டுப்போச்சு. அவனுவளும் கரையேறிட்டானுவ, நாங்க மட்டுந்தான் பாக்கி. எல்லாரும் எறங்கிட்டோம்.”

காசிலிங்கம் கல்லாவைவிட்டு எழுந்தார். “ஜெயிச்சத அவன் மறைச்சிருக்கலாம்லாலே?”

“நானும் அதத்தான் கேட்டேன். பாவம் நம்ம கடை அண்ணாச்சி, இத்தன நாளா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு இருந்தாரு, அவரு சந்தோஷத்த நாம மறைக்கலாமான்னு என்னையே ஏசுறாவ.”

டீம் தோற்றதற்குப் பட்ட வெட்கமெல்லாம் ஒரு வெட்கமே இல்லை என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. டிக்சனின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மூட்டை மேல் கிடந்த கொடியை உருவி, வெங்காயச் சருகை உதறினார். கடையை அப்படியே போட்டுவிட்டுக் கடற்கரைக்கு நடந்தார். டிக்சனும், வேடிக்கை பார்க்கச் செந்தூர்வேலும் பின்னாலேயே வந்தார்கள்.

போட்டைப் பிடித்துக்கொண்டு ரோச் தனியாக நின்றான். மற்றவர்கள் தள்ளி மணலில் உட்கார்ந்திருந்தார்கள்.

காசிலிங்கம் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். “ரோச்சு, தோத்துட்டு. எப்பவும் இல்லாத அளவுக்குத் தோத்துட்டு. நான்தான் மானத்துக்குப் பயந்து பொய் சொன்னேன்.”

செந்தூர்வேல்கூடச் சிரிக்கவில்லை.

ரோச் கொடியை வாங்கிப் போட்டின் முனையில் கட்டினான். திரும்பி, அதே பழைய கேள்வியைக் கேட்டான்.

“அடுத்த வாரமும் ஆடுவானுவளா அண்ணாச்சி?”

“ஆடுவானுவ.”

“கேட்டியளாலே? ஏறுங்க.”