ஒல்லிக் குச்சி

“இதுல என் சுண்டுவிரலே நுழையல. இத மூக்குன்னு கொண்டாந்து வெக்கிறியே பாய், வெக்கமா இல்ல?”

காஸ்பர் கத்தியது அடையாற்றின் அக்கரை வரைக்கும் கேட்டிருக்கும். கரீமுல்லா களிமண்ணைப் பிசைந்துகொண்டிருந்தான்.

ஊரில் மின்சார ரயில் ஓட ஆரம்பித்த புதிது. ஆற்றங்கரையில் ஷரீஃபின் எஃகு வார்ப்படப் பட்டறையில் இந்தச் சண்டை வாராவாரம் நடந்தது.

உருகிய எஃகைத் தூக்கி வரும் பெரிய வாளியின் அடியில் ஓர் ஓட்டை இருக்கும். அதில் பொருத்துகிற சுட்ட மண் குழாய்தான் மூக்கு. அதன் வழியாகத்தான் எஃகு அச்சுக்குள் இறங்கும். மூக்கு செய்வது கரீமுல்லா. வாளியின் பிடியைப் பிடித்து மூக்கைத் திறந்து மூடுவது காஸ்பர்.

துளை பெரிதாக இருந்தால் எஃகு மளமளவென்று இறங்கும். அச்சு நிரம்பியதும் சட்டென்று மூடாவிட்டால் வழிந்து, பக்கத்தில் நிற்பவன் காலைப் பொசுக்கிவிடும். துளை சின்னதென்றால் அந்தப் பயம் இல்லை. ஆனால் கடைசி அச்சுக்குப் போவதற்குள் எஃகு வாளியிலேயே ஆறித் தொலையும்.

இப்போது அதுதான் நடந்துகொண்டிருந்தது. கடைசிப் பல்சக்கரம் எப்போதும் அரைகுறை. கரும்பு ஆலைக்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள். பழி முழுக்கக் காஸ்பர் தலையில். சாந்தோமில் பூசை முடிந்து வெளியே வந்தால், “இன்னா காஸ்பர், கை நடுங்குதாமே” என்று கேட்கிறார்களாம்.

ஷரீஃபுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மண் அதே மண். சூளை அதே சூளை. துளை விழுவதற்காக மண்ணுக்கு நடுவில் செருகுகிற மரக்குச்சியையும் வாங்கி அளந்தார். அளவு சரி. குச்சி சரியாக இருக்கும்போது துளை மட்டும் எப்படிச் சின்னதாகும்?

கரீமுல்லாவைக் கேட்டால் ஒரு நாள் மண் சுருங்குகிறது என்றான். இன்னொரு நாள் மழை ஈரம் என்றான். அன்றைக்குச் சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

துரைராஜிடம் விசாரித்தார். அச்சுப் பக்கம் நின்று “நெரம்பிச்சி” என்று குரல் கொடுக்கிறவன் அவன். முன்பெல்லாம் அப்படி ஒரு வேலையே கிடையாது. போன வருஷம் காஸ்பர்தான் ஆள் வேண்டுமென்று கேட்டு வாங்கிக்கொண்டார். துரைராஜ் தயங்காமல் சொல்லிவிட்டான், பாய்க்குக் காஸ்பர் மேல் பொறாமை, வேண்டுமென்றே கவிழ்க்கிறான் என்று.

ஷரீஃப் அதை நம்பவில்லை. ஆனால் களிமண்ணை மூடியிருந்த ஈரச் சாக்கைத் தூக்கிப் பார்த்தார். அடியில் இன்னொரு குச்சி. ஒல்லியாக.

“இது எதுக்கு?”

கரீமுல்லா தலை குனிந்துகொண்டான்.

“பாத்தீங்களா மொதலாளி. என் பேர நாசம் பண்றதுக்குன்னே செஞ்சிகினு கீறான்.” காஸ்பருக்கு மூச்சு வாங்கியது. “இனிமே இவன் இருந்தா நான் பிடியத் தொடமாட்டேன். நானா இவனா, நீங்களே சொல்லிடுங்க.”

காரணத்தைச் சொன்னால் மன்னித்துவிடுவதாக ஷரீஃப் சொன்னார். கரீமுல்லாவின் மனைவி ஜைதூன் பீ நிறைமாசம் என்பது அவருக்கும் தெரியும். அதனால் ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டார்.

கரீமுல்லா காஸ்பரைப் பார்த்தான். பிறகு ஷரீஃபைப் பார்த்தான்.

“கை அப்படியே பழகிடுச்சி மொதலாளி. வேற ஒண்ணுமில்ல.”

“அப்ப நாளையிலேர்ந்து வராதே.”

போய்விட்டான். திமிர் பிடித்தவன் என்றார்கள்.

அடுத்த வாரம் சரியான குச்சியில் செய்த மூக்கை வாளியில் பொருத்தினார்கள். காஸ்பர் விரலை விட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். எஃகின் வெளிச்சம் கண்ணைக் கூசாமலிருக்க எல்லா வார்ப்புக்காரர்களும் போடுகிற நீலக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சிலுவை போட்டுக்கொண்டு பிடியைத் தொட்டார்.

அந்த நேரம் பார்த்து கரீமுல்லா உள்ளே வந்தான். வேலை கேட்டுக் கெஞ்ச வந்திருக்கிறான் என்று ஷரீஃப் நினைத்தார். அவன் நேராகப் போய் துரைராஜைத் தள்ளிவிட்டு அச்சுப் பக்கம் நின்றுகொண்டான்.

எஃகு கனமாக இறங்கியது.

அச்சு நிரம்ப இன்னும் இரண்டு விரற்கடை இருந்தது. “மூடு” என்றான் கரீமுல்லா.

காஸ்பர் மூடினார். அவர் கை மூடி முடிப்பதற்கும் அச்சு விளிம்பு தட்டுவதற்கும் சரியாக இருந்தது. ஒரு சொட்டு வழியவில்லை.

ஒவ்வோர் அச்சுக்கும் அப்படியே, நிரம்பும் முன்பே குரல். கடைசிச் சக்கரம்கூட முழுசாக விழுந்தது.

வேலையை விட்டு அனுப்பியவன் எதற்காக வந்து கத்துகிறான், அதுவும் நிரம்புவதற்கு முன்பே? ஷரீஃபுக்கு அதுவும் குழப்பமாக இருந்தது.

வாளியைக் கொண்டுபோய்விட்டார்கள். எல்லோரும் வெளியே மரத்தடிக்கு வந்தார்கள். காஸ்பர் நீலக் கண்ணாடியைக் கழற்றி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, தண்ணீர் குடித்தார். நல்ல பகல் வெளிச்சம். கரீமுல்லா அவருக்கு நேர் எதிரே, கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றான்.

காஸ்பர் அவன் முகத்தைப் பார்த்தபடியே கேட்டார்.

“இன்னிக்கிக் குரல் குடுத்தது துரை இல்லியே. அந்தக் கரீமுல்லா குரலாட்டம் இருந்திச்சி. வந்துகிறானா இன்னா?”

ஒல்லிக் குச்சி எதற்கென்று ஷரீஃபுக்கு அப்போதுதான் விளங்கியது. துரைராஜ் தன் காலைப் பார்த்துக்கொண்டான்.

கரீமுல்லா ஷரீஃபைப் பார்த்து, உதட்டின்மேல் விரலை வைத்தான்.

“இல்ல காஸ்பர்” என்றார் ஷரீஃப். “நாளையிலேர்ந்து வருவான். மூக்கும் செய்வான், குரலும் குடுப்பான்.”