கம்பெனி ஸ்பீக்கர்

“பாட்டுன்னா உங்களுக்கு உயிரா சார்?” என்று கேட்டுக்கொண்டே கடைக்காரர் கார் கதவின் உள்பலகையை நெம்பினார். கிளிப்புகள் படக் படக்கென்று விடுபட்டன. தன் விலா எலும்பையே கழற்றுவது போல, பக்கத்தில் நின்ற அவன் முகத்தைச் சுளித்தான்.

“எனக்கில்லீங்க. என் வீட்டுக்காரிக்கு,” என்றான். கிடங்கில் இரவு ஷிஃப்ட் முடித்து, தூங்காமல் நேராகக் காரை எடுத்துக்கொண்டு வந்திருந்தான். கொட்டாவியை அடக்கி அடக்கிக் கண்ணில் நீர் வந்தது.

மனைவியிடம் பொய் சொல்லியிருந்தான். “பிரேக்ல ஏதோ சத்தம் வருது. காட்டிட்டு வந்துடறேன், இன்னைக்கு மட்டும் பஸ்ல போயிடு.” அவள் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். கேட்கும் தெம்புகூட இப்போதெல்லாம் அவளிடம் இல்லை.

அவளுக்கு ஆஸ்பத்திரியில் விசாரணை கவுன்ட்டரில் வேலை. எதிரே நிற்பவர்கள் எல்லோரும் பதற்றத்தில் கத்துவார்கள். அவள் மட்டும் கத்தக் கூடாது. வீட்டுக்கு வந்தாலோ, மாமனாருக்குக் காது மந்தம். அவர் டிவி போட்டால் தெருமுனை வரைக்கும் செய்தி கேட்கும். மகள்கள் இரண்டு பேருக்கும் ‘அம்மா’ என்ற சொல்லை மெதுவாகச் சொல்லத் தெரியாது.

புருஷனும் பெண்டாட்டியும் பார்த்துக்கொள்வதே வாசலில்தான். இவள் செருப்பைக் கழற்றும்போது அவன் ஷூவை மாட்டிக்கொண்டிருப்பான்.

ஆனால் ஒன்றை அவன் கவனித்து வைத்திருந்தான். மாலையில் டீ போடும்போது சமையலறை ஜன்னல் வழியே பார்த்தால், கீழே கார் வந்து நிற்கும். அவள் இறங்க மாட்டாள். கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டு, சீட்டில் தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொள்வாள். மாடியேறி வரும்போது முகத்தில் கொஞ்சம் உயிர் வந்திருக்கும்.

கல்யாணத்துக்கு முன்பு பாட்டுப் போட்டிகளில் பரிசு வாங்கியவள் அவள். இந்த வீட்டுக்கு வந்தபின் ஒரு வரி முணுமுணுத்துக்கூட அவன் கேட்டதில்லை. காருக்குள்ளாவது பாட்டு மிச்சமிருக்கிறதே என்று நினைத்துக்கொள்வான். அவளுக்கென்று ஏதாவது செய்யவேண்டும் என்ற நினைப்பு அப்படித்தான் வந்தது.

கடைக்காரர் கழற்றிய ஸ்பீக்கரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கம்பெனியோட வந்ததுதானே சார் இது? பிரிக்காத பெட்டியில இருந்து எடுத்த மாதிரி இருக்கு. அவ்வளவா பாடவே இல்ல போல.”

“மெதுவா வெச்சுத்தான் கேப்பா,” என்றான் அவன். “யாருக்கும் தொந்தரவு ஆகக் கூடாதுன்னு நினைக்கறவ.”

“அப்ப இனிமே கேளுங்க!” என்றார் கடைக்காரர். கதவு அதிராமல் இருக்க உள்ளே தடித்த ஷீட் ஒட்டினார். புது ஸ்பீக்கர்களை இரண்டு முன்கதவுகளிலும் பொருத்தி, கண்ணாடி ஓரத்தில், மெல்லிய ஒலிகள் துல்லியமாகக் கேட்கச் சின்னதாக ட்வீட்டர் ஸ்பீக்கர்களையும் வைத்தார். பாட்டைப் போட்டதும், பாடகி பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பாடுவது போலிருந்தது. அவனுக்குத் தூக்கமே கலைந்துவிட்டது.

சோதித்துப் பார்க்கலாம் என்று சாயங்காலம் வீட்டு வாசலில் ஒரு பாட்டு வைத்ததுதான் தாமதம், மகள்கள் தடதடவென்று இறங்கி வந்து பின்சீட்டில் ஏறிக்கொண்டார்கள். படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து அவன் அப்பாவும் வந்து முன்சீட்டில் உட்கார்ந்தார். ஸ்பீக்கர் பக்கம் காதைச் சாய்த்தவர், திடீரென்று அவன் கையைப் பற்றினார்.

“டேய், ஒவ்வொரு எழுத்தும் கேக்குதுடா! அந்த டிவிய நீங்களே வெச்சுக்குங்க. இனிமே சாயங்காலம் ஆனா நான் இங்கதான்.”

“நாங்களும்! நாங்களும்!” என்று பின்சீட்டு கத்தியது.

அப்போதுதான் அவள் பஸ்ஸைவிட்டு இறங்கி வந்தாள். வழியெல்லாம் நின்றுகொண்டே வந்திருக்க வேண்டும், கால் இழுத்தது. காரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

அவன் ஓடிப்போய் அவள் தோளிலிருந்து பையை வாங்கினான். கதவைத் திறந்து அவளை ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார வைத்தான். “பிரேக்கெல்லாம் நல்லாத்தான் இருக்கு. இது உனக்காகத்தான்,” என்றான்.

அவள் முன்னால் இருந்த கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமனார் தாளம் போட, மகள்கள் கூடவே பாட, அவள் கண்ணில் மெல்ல நீர் திரண்டது. அதைப் பார்த்து அவனுக்கு, இத்தனை வருடத்தில் உருப்படியாக ஒன்று செய்துவிட்டோம் என்று தோன்றியது.

பாட்டு முடிவதற்குள் அவள் இறங்கி மாடிப்படி பக்கம் நடந்தாள். அவன் பின்னாலேயே போனான்.

“புடிச்சிருக்கா?”

“ம்.”

“தினம் வந்ததும் என்ன பாட்டு கேப்ப? சொல்லு, ஏறி உக்காந்ததும் அதுவே முதல்ல வர்ற மாதிரி பண்ணி வெக்கறேன்.”

அவள் படியில் கால் வைத்தபடி நின்றாள். கீழே அப்பா சத்தத்தை இன்னும் கூட்டினார். அவள் திரும்பி அவனைப் பார்த்த பார்வையில் கோபமே இல்லை. அலுப்பும், அவன்மேல் ஒரு இரக்கமும்தான் இருந்தன.

“சத்தமே இல்லாம எனக்குன்னு இருந்த இடம் அது ஒண்ணுதாங்க.”