விசிலடித்த சுவர்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. சுவருக்குக் காது உண்டு என்பார்கள். இந்தக் கதையில் சுவருக்கு வாயும் இருந்தது.

அண்ணன் தம்பி இரண்டு பேர். அப்பா விட்டுப்போன வீட்டில் மாடிப்படி யாருக்கு என்று தகராறு. அண்ணன் நட்டநடுவே ஒரு சுவர் எழுப்பினார். "என் மூச்சுக்காத்துகூட அந்தப் பக்கம் போகக்கூடாது" என்று கொத்தனாரிடம் கறாராகச் சொன்னார். அன்றோடு பேச்சு வார்த்தை நின்றது.

போன வருஷம் கரண்ட் ஆபீஸில் ஒரு திட்டம் வந்தது. கூரைக்கடியில் சூடு இறங்காத மெத்தை, ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி, சந்து பொந்தெல்லாம் அடைப்பு. செலவில் பாதி மானியம். ஒரே நிபந்தனை, வீட்டில் காற்று ஒழுகக் கூடாது.

அண்ணன் கடன் வாங்கி வேலையை முடித்துவிட்டார். மானியம் வராவிட்டால் துண்டைத் தலையில் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

சோதிக்க வந்தவர் வாசல் நிலையில் ஒரு துணியை இழுத்துக் கட்டி, அதில் பெரிய காற்றாடியைப் பொருத்தினார். அது உள்காற்றை வெளியே இழுக்கும். எங்கே ஓட்டையோ, அங்கே காற்று உள்ளே சீறும்.

காற்றாடி சுற்றியது. சமையலறையில் விசில் கிளம்பியது.

அண்ணன் மனைவி பலமாக இருமினாள். விசில் அடங்கவில்லை.

சோதனைக்காரர் மூக்கை உறிஞ்சினார். "வெங்காயம் வதங்கற வாசனை வருதே. உங்க அடுப்பு அணைஞ்சில்ல இருக்கு?"

அலமாரியை நகர்த்தினார்கள். சுவரில் ஒரு செங்கல்லைக் காணோம். அந்தப் பக்கத்திலிருந்து தம்பி மனைவியின் குரல் வந்தது. "அக்கா, உங்க வீட்டுல என்ன இன்னிக்கு? என் அடுப்புப் புகையெல்லாம் உங்க பக்கமே இழுக்குது."

அண்ணன் குதித்த குதியில் கூரை மெத்தையே அதிர்ந்தது. உப்பும் ஊர்வம்பும் இந்த வழியாகத்தான் போய் வந்ததா, நம்பின என்னை முட்டாளாக்கினாயே என்று மனைவியை ஒரு பாட்டம் திட்டினார். அவள் பரணிலிருந்து செங்கல்லை எடுத்துக் கொடுத்தாள். சோதனைக்காரர் அதைச் சொருகிப் பூசினார்.

மறுபடி காற்றாடி. இப்போது விசில் படுக்கையறையில்.

அண்ணன் ஓடிப்போய்க் காலண்டரை மறைத்து நின்றார். "அங்க ஒண்ணுமில்லப்பா. பல்லி கத்துது."

"பல்லி விசிலடிக்காது சார்."

காலண்டரைத் தூக்கினால், தலையணை உயரத்தில் பதவிசாகத் துளைத்த ஓர் ஓட்டை.

மனைவி இடுப்பில் கை வைத்தாள். "இது யாரு போட்டதுங்க?"

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அவனுக்குச் சின்ன வயசுலேருந்தே இழுப்பு. மூச்சு சீரா வருதான்னு காதால கேட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."



"அடைச்சுடுப்பா" என்றார் அண்ணன். ஆனால் ஓட்டை மேல் வைத்த கையை மட்டும் எடுக்கவில்லை.

மனைவி சோதனைக்காரரிடம் திரும்பினாள். "ஏம்ப்பா, காத்து வெளியே போனாத்தானே ஒழுகல்? ஒரே வீட்டுக்குள்ள இந்த ரூமிலேருந்து அந்த ரூமுக்குப் போனா?"

"அது கணக்கில்லைங்கம்மா. ரெண்டு பேரும் சம்மதிச்சா ஒரே வீடா அளந்துடலாம். அந்தப் பக்கத்துச் சந்து பொந்தையும் அடைக்கணும். அதுக்கும் மானியம் உண்டு."

அவள் புருஷனின் கையை எடுத்து நகர்த்தினாள். ஓட்டையில் வாயை வைத்தாள்.

"கொழுந்தனாரே, உங்க அண்ணன் கூப்பிடறார். உடனே வரணுமாம்."

அண்ணன் வாயைத் திறப்பதற்குள் காலண்டரை அவர் கையில் திணித்துவிட்டு, வாசலுக்குப் போய், ஆள் வர வழி வேண்டாமா என்று அந்தத் துணியை அவளே அவிழ்க்க ஆரம்பித்தாள்.